கைமாறி வாழ்ந்த நூல்கள்

வீதியிலே இரு நண்பர் எதிர்ப்பட்டால் ஒருவரை ஒருவர் சுகம் விசாரிப்பர். பின்னர் மழையைப் பற்றியும், பிள்ளைகளின் சோதனைப் பெறுபேற்றைப் பற்றியும், வெளிநாட்டிலுள்ள உறவினரைப் பற்றியும் பேசுவர். "இப்பொழுது என்ன நூல் வாசிக்கிறீர்?" என்று கேட்பார் மிகச் சிலரே. கேட்கப்பட்டவரும் சற்றே வெட்கி, "நேரம் எங்கே இருக்கிறது?" என்று சொல்லி விலகுவர். சிறிய வினாதான். ஆயினும் தமிழ் நூல்களின் வரலாற்றிலே இவ்வினாவுக்குப் பெரியதோர் இடமுண்டு. ஒருவர் தாம் வாசிப்பதை மற்றவருக்குச் சொல்வதும், சொன்ன நூலைக் கையிற் கொடுப்பதும் இல்லாதிருந்தால், இன்று நாம் பெருமையோடு பேசும் நூல்கள் பல நம் கைக்கு எட்டியிரா. இதனை நம் யாழ்ப்பாணத்து வரலாற்றைக் கொண்டே விளக்க முயல்வேன். எனினும் தொடக்கத்துக்கு ஏற்ற உதாரணம் கடலுக்கு அப்பால், கும்பகோணத்தில் உள்ளது.

ஒரு வினா செய்த வேலை

1880 ஆம் ஆண்டு ஒக்டோபர் 21 ஆந் திகதி. கும்பகோணம் கல்லூரியிலே தமிழாசிரியராக இருந்த உ. வே. சாமிநாதையர், அவ்வூருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் சென்றார். ஐயர் அப்பொழுது இளைஞர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடங் கேட்டவர். முதலியார், ஐயர் என்னென்ன நூல்கள் படித்திருக்கிறார் என்று வினவினார். ஐயர் அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், புராணம் என்று தாம் கற்றவற்றை ஒவ்வொன்றாக அடுக்கினார். கேட்டவர் முகத்தில் வியப்பு உண்டாகவில்லை. இவற்றுக்கெல்லாம் முற்பட்ட பழைய நூல்களைப் பார்த்ததுண்டா என்று மறுபடி கேட்டார். சீவக சிந்தாமணியின் பெயரையும் சொன்னார். ஐயர் அந்நூலைக் கண்டதில்லை.

முதலியார் அம்மட்டில் நின்றிருந்தால் ஐயருக்கு வருத்தம் மாத்திரமே மிஞ்சியிருக்கும். அவர் தம்மிடமிருந்த சிந்தாமணிப் பிரதியை ஐயரிடம் கொடுத்து, அதனைத் தமக்குப் பாடஞ் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். பாடஞ் சொல்லப் புகுந்த ஐயருக்கு விளங்காத இடங்கள் பல இருந்தன. சமண சமயத்தவரிடஞ் சென்று கேட்டறிந்தார். ஊரூராக ஏடு தேடினார். 1887 இல் சிந்தாமணி அச்சேறியது. பின்னர் பத்துப்பாட்டு 1889 இலும், சிலப்பதிகாரம் 1892 இலும், புறநானூறு 1894 இலும், மணிமேகலை 1898 இலும் வெளிவந்தன.

இராமசுவாமி முதலியார் பெரும்புலவர் என்று பெயர் பெற்றவரல்லர், நூல் பதிப்பித்தவருமல்லர். நல்ல நூலொன்றின் பெயரைத் தக்க ஒருவரிடஞ் சொன்னார். சொன்னதோடு நூலையுங் கொடுத்தார். ஒரு வாசகர் மற்றொரு வாசகருக்குச் செய்யக்கூடிய உதவி இதுவே.

ஏடும் இரவலும்

சாமிநாதையர் சிந்தாமணியை வெளியிட்ட அதே 1887 இல், நம் ஊருக்குச் சில மைல் தொலைவிலுள்ள சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையை அச்சிட்டார். அதற்கு முன்னரே வீரசோழியத்தை 1881 இலும், இறையனார் அகப்பொருளை 1883 இலும், தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885 இலும் அவர் வெளிப்படுத்தியிருந்தார். 1857 இல் சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகளுள் ஒருவராகித் தமிழகத்திலே உயர்ந்த உத்தியோகம் வகித்த அவர், செல்வத்தையும் ஓய்வையும் செல்லரித்த ஏடுகளுக்காகச் செலவிட்டார்.

அக்காலத்து ஏடுகளின் நிலைமையை அவருடைய பதிப்புரைகளிற் காணலாம். தொட்டால் ஓரம் உதிரும். கட்டை அவிழ்த்தால் இதழ் முறியும். எழுத்திருந்த இடத்திலே புழு துளைத்த வழிதான் இருக்கும். பனையோலை சில நூறு ஆண்டுகளே தாங்கும் பொருள். ஆகவே ஒவ்வொரு தலைமுறையிலும் ஒருவர் அதனைப் புதிய ஓலையிற் படியெடுத்தாக வேண்டும். படியெடுப்பதற்கு ஏடு கைமாற வேண்டும். உடையவர் இரவல் கொடுத்தால் ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். கொடுக்க மறுத்தால் அந்த ஒன்றும் பெட்டிக்குள்ளே பொடியாகும்.

ஏட்டை உடையவர் எல்லோரும் அதன் பகைவர் அல்லர். பலர் அதனைப் பூசையறையில் வைத்துப் பொட்டிட்டு வணங்கினர். ஆயினும் வணங்கப்பட்ட ஏடு வாசிக்கப்படவில்லை. பழைய ஏடுகளை ஆடிப் பெருக்கிலே ஆற்றில் விட்டவர்களும் இருந்தார்கள் என்று சாமிநாதையர் எழுதியிருக்கிறார். அவர்கள் செய்தது அன்பின்மையால் அன்று. நூலுக்குச் செய்யும் மரியாதை யாது என்பதிலே நேர்ந்த பிழை அது.

இப்பிழையை நம் நாட்டில் முன்னரே உணர்ந்தவர் நல்லூர் ஆறுமுக நாவலர். 1848 இல் வண்ணார்பண்ணையிலே பாடசாலை கண்ட அவர், அடுத்த ஆண்டே அச்சியந்திரத்தையும் அங்கு நிறுவினார். பெரியபுராணத்தைச் செய்யுளிற் படிக்க இயலாதாரும் படிக்கும்பொருட்டு, 1852 இல் அதனை வசனமாக்கி வெளியிட்டார். நூலைக் கொடுத்தால் மாத்திரம் போதாது, கொள்பவர் வாசிக்கக்கூடியதாயும் கொடுக்க வேண்டும் என்பது அதனாற் பெறப்படும்.

நம் கொக்குவிலும் இத்துறையிற் பின்நிற்கவில்லை. இங்கிருந்த சோதிடப்பிரகாச யந்திரசாலையிலிருந்து பஞ்சாங்கமும் நூல்களும் வெளிவந்தன. இரகுநாதையர் வாக்கிய பஞ்சாங்கம் என்றால் அறியாத சைவ வீடு யாழ்ப்பாணத்தில் இல்லை. வேறு நூல் எதுவும் இல்லாத வீட்டிலும் சுவரில் ஆணியிலே தொங்கியது அதுவே. நாள் பார்க்க வேண்டிய அயலார் அதனையே வந்து கேட்டு வாங்குவர்.

ஒருவர் வாசிக்கப் பலர் கேட்டல்

நூல்களை எல்லோரும் விலைகொடுத்து வாங்க இயலாத காலத்திலே நம்மவர் வேறொரு வழி கண்டனர். அதுவே புராண படனம். கோயில் மண்டபத்திலே ஒருவர் கந்தபுராணச் செய்யுளை இராகத்தோடு வாசிப்பார். மற்றொருவர் பயன் சொல்வார். ஊரார் சூழ்ந்திருந்து கேட்பர். சூரன் வதைப் படலமும் தெய்வயானையம்மை திருமணப் படலமும் வரும் நாள்களிற் கூட்டம் நிறையும். பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அவர்கள் யாழ்ப்பாணத்தவரின் வாழ்வைக் கந்தபுராண கலாசாரம் என்று குறித்தது இதனாலேயே. மார்கழியில் திருவாதவூரடிகள் புராணம், விநாயகர் விரதகாலத்திற் பிள்ளையார் கதை, சித்திரைப் பூரணையிற் சித்திரபுத்திரனார் கதை என்று ஆண்டு முழுவதும் ஒரு வாசிப்பு ஒழுங்கு இருந்தது.

இதிலே கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. பயன் சொல்பவர் அகராதிப் பொருளை மாத்திரஞ் சொல்வதில்லை. அவ்விடத்திலே தம்மை எது தொட்டதோ அதனையுஞ் சொல்வார். கேட்பவர் வீட்டுக்குச் சென்று அதனைப் பற்றி வாதிடுவார். எழுத்தறியாத கிழவியும் சூரபதுமனின் தாய் மாயை தன் மக்களுக்குச் செய்த உபதேசம் சரியா பிழையா என்று பேசக்கூடியவளாய் இருந்தாள். ஒரு பிரதியைக் கொண்டு ஓர் ஊரே நூலறிவு பெற்றது.

கோயிலுக்கு வெளியேயும் இவ்வழக்கம் இருந்தது. கொக்குவில், தாவடி, கோண்டாவில், இணுவில் ஆகிய ஊர்கள் சுருட்டுத் தொழிலுக்குப் பேர்போனவை. சுருட்டுக் கொட்டிலிலே கைகள் ஓயாது வேலை செய்யும். காதுகளுக்கு வேலை இல்லை. ஆகவே ஒருவர் பத்திரிகையையோ தொடர்கதையையோ உரத்து வாசிக்க, மற்றவர் புகையிலையைச் சுற்றிக்கொண்டே கேட்பர். கல்கியின் பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வெளிவந்த காலத்திலே, அடுத்த இதழ் எப்பொழுது வரும் என்று ஊரெங்கும் காத்திருந்தவர் பலர். வந்த ஓர் இதழ் பல வீட்டு வாயில்களைக் கண்ட பின்னரே ஓய்ந்தது.

இதே தொழிலைச் செய்தோர் உலகின் மறுபுறத்திலுள்ள கியூபாவிலும் இவ்வாறே செய்தனர் என்பது வியப்பன்றோ? அங்கே ஹவானா நகரத்துச் சுருட்டுத் தொழிற்சாலைகளில் 1865 இல் வாசிப்போர் அமர்ந்தனர். அவர்களுக்குரிய கூலியைத் தொழிலாளரே சேர்த்துக் கொடுத்தனர். எந்நூலை வாசிப்பதென்பதையும் அவர்களே தீர்மானித்தனர். டூமா என்னும் பிரெஞ்சு ஆசிரியரின் மொன்ரி கிறிஸ்ரோ என்ற நாவல் அவர்களுக்கு மிக உவப்பாயிருந்தது. பின்னாளில் ஒரு சுருட்டுக்கே அப்பெயர் வந்தது என்பர். ஒருவரை ஒருவர் அறியாத இரு தேசத்துத் தொழிலாளர் ஒரே வழியைக் கண்டனர். நல்லதைக் கேட்டால் அதனைப் பிறரோடு சேர்ந்து கேட்க விரும்புவது மனித இயல்பு போலும்.

ஒரு வீட்டிலிருந்து ஒரு நூலகம்

இனி நம் பொதுசன நூலகத்தின் கதைக்கு வருவோம். 1981 இன் பெரும் துயரத்தை அறிந்த இளைஞர் பலர் அதன் தொடக்கத்தை அறியார். 1933 இல் க. மு. செல்லப்பா என்னும் அன்பர், தம் வீட்டிலிருந்த நூல்களை மற்றவருக்கு இரவலாகக் கொடுக்கத் தொடங்கினார். தமிழருக்கு ஓர் இலவச நூலகம் வேண்டும் என்று ஊராரை வேண்டினார். அறிஞர் சிலர் உடன்பட்டனர். 1934 ஓகஸ்ட் 1 ஆந் திகதி ஆஸ்பத்திரி வீதியிலே வாடகைக்கு எடுத்த சிறு அறையொன்றில் நூலகம் திறக்கப்பட்டது. இருந்த நூல்கள் 844. பத்திரிகைகளும் சஞ்சிகைகளும் ஏறக்குறைய 30. பின்னர் நகரசபை அதனைப் பொறுப்பேற்றது.

வண. பிதா லோங் அடிகளும், மேயர் சாம் சபாபதியும், வேறு பலரும் பெரிய கட்டடத்துக்காக உழைத்தனர். இந்திய நூலகவியலின் தந்தை எனப்படும் எஸ். ஆர். இரங்கநாதன் ஆலோசனை வழங்கினார். நூல் பூட்டி வைப்பதற்கன்று, வாசகர் கையிற் சேர்வதற்கே உள்ளது என்பது அவர் வாழ்நாள் முழுவதும் வற்புறுத்திய கருத்து. சென்னை நரசிம்மன் வரைந்த அழகிய கட்டடம் 1959 ஒக்டோபர் 11 இல் மேயர் அல்பிரட் துரையப்பா அவர்களாலே திறந்துவைக்கப்பட்டது. சைவரும் கிறிஸ்தவரும் இஸ்லாமியரும் ஒரே மேசையிலிருந்து வாசித்தனர். 844 என்ற எண் ஐம்பதாண்டுக்குள் ஏறத்தாழ 97,000 ஆயிற்று.

1981 மே 31 இரவும் மறுநாளும் அத்தனையும் எரிந்தன. அதனை நேரிற் கண்ட பன்மொழிப் புலவர் தாவீது அடிகளின் உயிர் அவ்வதிர்ச்சியிலே பிரிந்தது. கட்டடம் முற்றாக மீண்டெழுந்து வாசகரை ஏற்க இருபது ஆண்டுகளுக்கு மேற் சென்றன.

எரிந்தவற்றுள் மீளப் பெற்றவை எவை, பெறாதவை எவை என்று நோக்குவோமாக. யாழ்ப்பாண வைபவமாலையின் பழைய பிரதி தீயில் மாண்டது என்று துயருறுவோர் உளர். ஆயினும் நூல் மாண்டதோ? இல்லை. அதனை 1879 இலேயே பிரிட்டோ என்பவர் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டார். தமிழிலும் அது அச்சேறிப் பல வீடுகளுக்குச் சென்றிருந்தது. ஆகவே இன்றும் அதனை வாசிக்கிறோம். கைமாறிய நூல் தப்பியது. ஒரே பிரதியாய் ஓரிடத்திற் காக்கப்பட்ட கையெழுத்துச் சுவடிகளோ போனவை போனவையே. காத்தவர்மீது குற்றமில்லை, தீ வைத்தவர்மீதே குற்றம். ஆனால் ஒரே இடத்தில் இருப்பது எவ்வளவு பெரிய இடத்திலிருந்தாலும் பாதுகாப்பன்று என்பதை அத்தீ நமக்குக் கற்பித்தது.

என் வீட்டு அலுமாரி

இங்கே என் சொந்த அனுபவம் ஒன்றையுங் கூறுதல் தகும். என் பேரனார் வைத்திருந்த நூல்கள் எங்கள் வீட்டில் ஓர் அலுமாரி நிறைய இருந்தன. நான் அவற்றை எவருக்கும் எளிதிற் கொடுப்பவனல்லன். பெரியபுராண வசனத்தின் பழைய பதிப்பொன்றை மாத்திரம், வடமராட்சியிலுள்ள எங்கள் மைத்துனர் வற்புறுத்தி வாங்கிச் சென்றார். இரண்டு ஆண்டு கழிந்தும் திருப்பித் தரவில்லை. கலியாண வீடுகளிற் கண்டபோதெல்லாம் நினைவூட்டினேன். அவர் சிரித்து மழுப்பினார். எனக்கு உள்ளூர மனத்தாங்கல்.

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்து மக்கள் யாவரும் வெளியேறினோம். மழையிலே, செம்மணி வெளியூடாக, கையிற் பிடிக்கக்கூடியதைப் பிடித்துக்கொண்டு நடந்தோம். குழந்தையைச் சுமப்பவர் புத்தகத்தைச் சுமக்க முடியுமா? மாதங்கள் கழித்துத் திரும்பியபோது அலுமாரி இருந்த இடத்திற் சுவர் மாத்திரம் இருந்தது. ஒரு நூலும் இல்லை. பிறகொரு நாள் மைத்துனர் வந்தார். "அண்ணை, இதை இனியும் நான் வைச்சிருக்கக் கூடாது" என்று சொல்லி, பழைய செய்தித்தாளிற் சுற்றிய அந்தப் பெரியபுராண வசனத்தை என் கையில் வைத்தார். உள்ளே என் பேரனாரின் கையெழுத்து இருந்தது.

நான் பத்திரமாகக் காத்தவை அனைத்தும் போயின. நான் இழந்துவிட்டதாக எண்ணியது ஒன்றே எஞ்சியது. அன்றுமுதல் இரவல் கேட்பவரைக் கண்டு நான் முகஞ் சுளிப்பதில்லை.

இனிச் செய்யத்தக்கது

நூலை இரவல் கொடுத்தால் திரும்பி வராது என்பது பொய்யன்று. பிறர் கைப்பட்ட புத்தகம் போனதே என்று வடமொழியிலும் ஒரு பழைய வாசகம் உண்டு. நம்முள் மூத்தோர் பலர் அவ்வாறு நல்ல நூல்களை இழந்து வருந்தியிருக்கின்றனர். அவர்கள் வருத்தம் நியாயமானதே. ஆதலின் கொடுப்பவருக்குச் சொல்வதிலும் முதலில் வாங்குபவருக்கே சொல்ல வேண்டும். வாங்கிய நூலை உரிய நாளில் திருப்பிக் கொடுங்கள். மடித்த தாளை நிமிர்த்துக் கொடுங்கள். மேலாக, வாசித்துவிட்டுக் கொடுங்கள். வாசியாது திருப்பிய நூலும் திருப்பாத நூலும் கொடுத்தவருக்கு ஏறக்குறைய ஒன்றே.

கொடுப்பவருக்கும் ஒரு வார்த்தை. ஒரு சிறு கொப்பியிலே நூலின் பெயர், வாங்கியவர் பெயர், திகதி ஆகிய மூன்றையும் எழுதி வையுங்கள். மனத்தாங்கலுக்கு அதுவே மருந்து. நூலொன்றை ஒருவருக்குச் சொல்லும்போது, "நல்ல புத்தகம், கட்டாயம் வாசி" என்று மாத்திரஞ் சொல்லாதீர்கள். அப்படிச் சொல்லப்பட்ட நூல்களை எவரும் வாசிப்பதில்லை. அதிலே உம்மை நிறுத்திய ஓரிடத்தைச் சொல்லுங்கள். உமக்கு உடன்பாடில்லாத ஓரிடத்தையுஞ் சொல்லுங்கள். இராமசுவாமி முதலியாரைப் போல, கேட்பவர் இன்னார், அவருக்கு ஏற்றது இன்னது என்று அறிந்து சொல்லுங்கள்.

அரிய நூல் வைத்திருப்போர்க்கு இன்று முன்னோர்க்கில்லாத வசதியும் உண்டு. 2005 இல் அன்பர் சிலர் தொடங்கிய நூலக நிறுவனத்தார், ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் சிறப்பு மலர்களையும் மின்வடிவிற் படியெடுத்து, உலகெங்குமுள்ளோர் இலவசமாக வாசிக்க வைக்கின்றனர். ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட ஆவணங்கள் அங்கே சேர்ந்துள்ளன. படியெடுத்தபின் மூலப்பிரதி உடையவரிடமே திரும்பும். கோயிற் கும்பாபிஷேக மலரும், பாடசாலை ஆண்டு மலரும், கல்வெட்டு என்று நாம் அழைக்கும் நினைவுமலரும் கூட நாளை வரலாறாகும். அவற்றைப் பரணிலே கறையானுக்கு விடுவது, ஆடிப் பெருக்கில் ஏடு விட்ட பிழையை மறுபடி செய்வதேயாகும்.

இளைஞர்களே, சங்கக் கூட்டத்திலே கணக்கறிக்கை வாசிக்கிறோம்; விளையாட்டுப் போட்டியைப் பற்றிப் பேசுகிறோம். அதனோடு மாதத்தில் ஒருமுறை ஒரு கால்மணி நேரம் ஒதுக்குவோமாயின் என்ன? ஒருவர் எழுந்து, தாம் அம்மாதம் வாசித்த நூலைக் கையிற் பிடித்து, அதைப் பற்றி ஐந்து நிமிடம் பேசட்டும். பேசி முடிந்ததும் அந்நூலைக் கேட்பவர் ஒருவரிடங் கொடுத்துவிட்டு உட்காரட்டும். அடுத்த மாதம் வாங்கியவர் பேசட்டும். மூத்தோரும் இதிற் சேர வேண்டும். பிள்ளைகள் வாசிக்கும் புதிய நூல்களை அவர்களும் வாங்கி வாசிக்க வேண்டும். பணஞ் செலவில்லை, கட்டடம் வேண்டியதில்லை. செல்லப்பா அவர்கள் ஒரு வீட்டு அறையிலிருந்தே தொடங்கினார்.

இம்மலரை வாசித்து முடித்தபின் அலுமாரியில் வைத்துப் பூட்டாதீர்கள். அயல் வீட்டாரிடங் கொடுங்கள். கொடுக்கும்போது, அவர் இப்பொழுது என்ன வாசிக்கிறார் என்றும் கேளுங்கள்.